பூஜையில் வைத்த கல்யாணங்கள்

தி.நகர் உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பாத்திரக் கடைக்கும் வளையல் கடைக்கும் நடுவே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற கல்யாணப் பத்திரிகைக் கடை அது. பெயர் தங்கம் கார்ட்ஸ். அங்கிருந்த ஒரே கம்ப்யூட்டரை எல்லோரும் 'பெரியவர்' என்றுதான் சொல்வார்கள். மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம். காலையில் பட்டனை அமுக்கினால், பெரியவர் கண் திறப்பதற்குள் ரூஹி கடையைப் பெருக்கி, மாதிரி அட்டைகளை அடுக்கி, முனைக்கடையில் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். வந்த பிறகும் அவர் யோசித்துக்கொண்டுதான் இருப்பார்.

ரூஹி அந்தக் கடையின் டிசைனர். ராயப்பேட்டைப் பெண். படித்து முடித்த கையோடு இங்கே வந்து உட்கார்ந்தவள், பெரியவரோடு சேர்ந்து அவளுக்கும் எட்டு வருஷம் ஓடிவிட்டது. கடை முதலாளி தங்கபுஷ்பம் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கல்யாணமாகிச் சென்னைக்கு வந்து முப்பது வருஷமாகியும் பேச்சிலிருந்து ஊர் இறங்கவில்லை. கணவர் போன பிறகு கடையைத் தனியாளாக நடத்துகிறார். குரல் மட்டும் பாத்திரக் கடை வரைக்கும் கேட்கும். மனசு அதற்கு நேர்மாறு.

அந்தக் கடையில் இரண்டு சட்டங்கள் உண்டு. முதலாவது, எந்தக் கல்யாணப் பத்திரிகையையும் கம்ப்யூட்டரிலிருந்து அழிக்கக் கூடாது. "நல்லா வாழுத பிள்ளைகளை நாம ஏன்ட்டி அழிக்கணும்?" என்பார் தங்கபுஷ்பம். அதற்கு மேல் பேச்சில்லை.

இரண்டாவது சட்டம் ரூஹி வேலைக்குச் சேர்ந்த வருஷம் பிறந்தது. அன்றைக்குச் சரஸ்வதி பூஜை. பூஜையில் வைத்த புத்தகத்தையும் கருவியையும் அன்று தொடக்கூடாது. ஆனால் ஐப்பசி முகூர்த்தத்துக்குப் பத்திரிகை கேட்டு வாசலில் நாலு பேர் நிற்கிறார்கள். பெரியவரைப் பூஜையில் வைத்தால் வேலை படுத்துவிடும், வைக்காவிட்டால் சாமி குத்தம். தங்கபுஷ்பம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அப்போது வேலைக்குப் புதுசான ரூஹிதான் ஒரு வழி சொன்னாள்.

"அக்கா, உள்ள இருக்கிற எல்லாத்தையும் ஒரு காப்பி எடுத்து, 'பூஜை'ன்னு ஒரு ஃபோல்டர் போட்டு அதுல வெச்சுடறேன். காப்பி சாமிகிட்ட இருக்கட்டும். ஒரிஜினல்ல நான் வேலை பாக்கறேன்."

தங்கபுஷ்பத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சாமியையும் ஏமாற்றாமல் கஸ்டமரையும் ஏமாற்றாமல் இப்படி ஒரு யோசனையா! மானிட்டரின் ஓரத்தில் சந்தனப் பொட்டு வைத்து, ரூஹியின் கையில் ஒரு கை பொரியைக் கொட்டினார். அன்றிலிருந்து வருஷா வருஷம் அதுவே வழக்கமாகிவிட்டது. சந்தனம் வைப்பது அக்காவின் வேலை. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, அந்த வருஷத்தின் பெயரில் ஒரு பூஜை ஃபோல்டர் போட்டு, காப்பியை உள்ளே வைப்பது ரூஹியின் வேலை. யாரும் அதைப் பற்றி மறுபடி யோசித்ததில்லை. நன்றாக நடக்கிற வழக்கத்தைப் பற்றி யார்தான் யோசிக்கிறார்கள்?

இந்த வருஷம் சரஸ்வதி பூஜை வெள்ளிக்கிழமை வந்தது. காலையில் வந்ததும் ரூஹி காப்பிக்குப் போட்டுவிட்டு, காப்பி ஓடுவதைக் காட்டுகிற சின்னப் பெட்டியைத் திரையின் கீழே தள்ளிவிட்டு, தன் சொந்த வேலையைத் திறந்தாள். அது அவளுடைய நிக்காஹ் பத்திரிகை.

ஊருக்கெல்லாம் பத்திரிகை போட்டவளுக்குத் தன் பத்திரிகை மட்டும் கைக்கு வரவே இல்லை. மல்லிகைக் கொடி போட்டாள், எடுத்தாள். பிறை போட்டாள், அது ஏதோ பிரியாணிக் கடை விளம்பரம் மாதிரி இருந்தது, அதையும் எடுத்தாள். மற்ற பெண்களின் பத்திரிகைகள் கண்ணெதிரே கிளம்பிப் போய்க்கொண்டே இருந்தன. அவளுடையது மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போனது. கடைசியில் இன்றைக்குத்தான் முழுசாக அமைந்தது. மேலே அரபியில் பிஸ்மில்லாஹ், கீழே தமிழில் வாசகம், ஓரத்தில் மருதாணிக் கையில் போடுகிற மாதிரி மெல்லிய பூவேலை. பார்த்ததும் அவளுக்கே சிரிப்பு வந்தது. இவ்வளவு அழகாக இருக்கிறதே என்கிற சிரிப்பு.

சேமிக்கலாம் என்று பட்டனை அமுக்கினாள். பெரியவர் நின்றார்.

நின்றவர் வெகு நேரம் கழித்து, டிஸ்க்கில் இடமில்லை என்று ஒரு பெட்டியை நீட்டினார். சரி, பென்டிரைவில் போடலாம் என்றால், அந்த டிசைன் புரோகிராம் முதலில் பெரியவரின் வயிற்றில் எழுதிவிட்டுத்தான் வெளியே எடுத்துக் கொடுக்குமாம். அங்கேதான் இடமில்லையே. அணைத்துப் போடலாம் என்றால், அன்று காலை முழுக்கச் செய்த வேலை ஒரு வரி மிஞ்சாது. அந்த அரபி எழுத்துருவும் ஊரில் வேறு எந்தக் கம்ப்யூட்டரிலும் அவளுக்குக் கிடையாது. ரூஹி தன்னுடைய பாட்டுக்களை அழித்தாள். சமையல் வீடியோக்களை அழித்தாள். ஒவ்வொன்றை அழித்ததும் கொஞ்சம் இடம் வந்தது. அடுத்த நிமிஷமே அது மாயமாய் மறைந்தது.

"அக்கா, இது என்னமோ கிணத்துல உப்பு போட்ட மாதிரி போயிட்டே இருக்கு" என்றாள்.

பதறாமல் என்ன செய்வாள்? வரப்போகிற மாமியார் ஹமீதுன்னிசா, நாளைக் காலை ரயிலில் ஆம்பூர் போகிறார், மாப்பிள்ளை ஜைதின் பெரியப்பா குடும்பத்தை அழைக்க. அந்தப் பெரியப்பாவுக்கு அச்சடித்த பத்திரிகையைக் கையில் கொடுத்து, வாயால் அழைக்க வேண்டும். ஒரு தடவை போனில் அழைத்தார்கள் என்பதற்காகச் சொந்தத் தம்பி மகள் நிக்காஹுக்கே அவர் வராமல் இருந்துவிட்டார். பெரியப்பா வரவில்லை என்றால் ஆம்பூரே வராது. நிக்காஹ் அடுத்த வெள்ளிக்கிழமை. இன்னொரு தடவை மாமி அலைய முடியாது. போன வாரம் பார்த்தபோதுகூட மாமி, "ஆயிரம் பேருக்குப் போட்டுக் குடுத்த பொண்ணு, நம்ம வீட்டுக்கு எப்படிப் போடப் போறேன்னு பாக்கத்தான் காத்திருக்கேன்" என்று சொல்லிச் சிரித்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து ராயப்பேட்டை அச்சகத்திலிருந்து ஜவஹர் போன் செய்தார். தங்கம் கார்ட்ஸின் பத்திரிகைகள் எல்லாம் அவருடைய அச்சகத்தில்தான் அடிப்பது.

"இன்னாம்மா ரூஹி, இன்னும் வரல? பசங்க மிஷினெல்லாம் தொடச்சிக்கினு கீறானுங்க. அஞ்சு மணிக்குப் பூஜை. பொட்டு வெச்சிட்டா அப்பால நானே வந்து கால்ல வுழுந்தாலும் மிஷினு ஓடாது. திங்கக்கெழமதான்."

"அண்ணே, ப்ளீஸ்ண்ணே. என்னோட பத்திரிகைண்ணே."

"அது தெரிஞ்சுதானே போன் போட்டேன்" என்றார் ஜவஹர். "சீக்கிரம் அனுப்பும்மா."

தங்கபுஷ்பம் அதற்குள் ஸ்ரீஹரியைக் கூப்பிட்டிருந்தார். ஸ்ரீஹரி மயிலாப்பூர்க்காரன். வீட்டிலேயே கம்ப்யூட்டர் சர்வீஸ் வைத்திருப்பவன். பெரியவருக்குப் பல வருஷமாக வைத்தியம் பார்ப்பவன் அவன்தான். நெற்றியில் புதுச் சந்தனத்தோடு ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான்.

"என்ன ரூஹி, படுத்துட்டாரா? ஆத்துல அம்மா பூஜைக்கு உக்கார வெச்சுண்டிருந்தா. பாதியில எழுந்து ஓடி வரேன். சுண்டல்கூட வாயில படல."

"சுண்டல் நான் தாரேன். மொதல்ல இவர எழுப்பு" என்றார் தங்கபுஷ்பம்.

ஸ்ரீஹரி உட்கார்ந்தான். நாலு தட்டு தட்டினான். உதட்டைப் பிதுக்கினான்.

"டிஸ்க் நிரம்பி வழியறது மேடம். அதான் மூச்சு முட்டறார். பழைய கல்யாணத்தையெல்லாம் அழிச்சுடலாமா? பத்து நிமிஷ வேலை."

"நல்ல நாளும் அதுவுமா கல்யாணத்த அழிக்கச் சொல்லுதியா? வாயக் கழுவு!"

பாத்திரக் கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஸ்ரீஹரி இரண்டு கையையும் தூக்கிவிட்டான். "சரி, அழிக்கல. எது எவ்ளோ இடம் எடுத்துக்கறதுன்னாவது பாக்கலாமா? பாக்கறதுல தோஷம் இல்லையே?"

தன் பென்டிரைவிலிருந்த ஒரு சின்ன புரோகிராமை ஓடவிட்டான். பெரியவரின் வயிற்றுக்குள் எந்த ஃபோல்டர் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று கலர் கலராகக் கட்டம் போட்டுக் காட்டுகிற புரோகிராம் அது. கலர் கலராக வரும் என்று பார்த்தால், திரை முழுக்க ஒரே ஊதா. ஓரத்தில் மட்டும் கொசுறு மாதிரி மற்ற கலர்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"இது என்ன ஊதா?" என்றார் தங்கபுஷ்பம்.

ஸ்ரீஹரி அதன்மேல் அம்பை வைத்துப் படித்தான். "பூஜை."

ரூஹி திரைக்கு அருகே குனிந்தாள்.

அவன் அந்த ஊதாவைத் திறந்தான். உள்ளே கல்யாணங்கள், கூடவே முந்தின வருஷத்துப் பூஜை. அதைத் திறந்தால் மறுபடியும் கல்யாணங்கள், அதற்கும் முந்தின வருஷத்துப் பூஜை. அடுக்கு டப்பாவைத் திறக்கத் திறக்க இன்னொரு டப்பா வருகிற மாதிரி வந்துகொண்டே இருந்தது. கீழே ரூஹி தள்ளிவிட்டிருந்த சின்னப் பெட்டியையும் அவன் மேலே இழுத்தான். காலையில் போட்ட காப்பி அது. இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ரூஹி அழித்த பாட்டுக்களின் இடத்தையும், சமையலின் இடத்தையும் அதுதான் சுடச்சுடத் தின்றுகொண்டிருந்தது. ஸ்ரீஹரி முதல் வேலையாக அதை நிறுத்தினான்.

"ரூஹி, வருஷா வருஷம் எல்லாத்தையும் காப்பி எடுத்தியே, அந்த எல்லாத்துலயும் போன வருஷப் பூஜையும் சேர்த்தியா?"

"ஆமா. எல்லாத்தையும்னா எல்லாத்தையும்தானே?"

"அப்போ ஒவ்வொரு வருஷமும் ரெண்டு மடங்காறது!" ஸ்ரீஹரி விழுந்து விழுந்து சிரித்தான். "மேடம், நீங்க மொத வருஷம் பத்திரிகை போட்டுக் குடுத்த ஜோடி இருக்கே, அவா இந்த டிஸ்க்குள்ள இருநூத்தைம்பது தடவைக்கு மேல கல்யாணம் பண்ணிண்டிருக்கா!"

ரூஹிக்குச் சிரிப்பு வரவில்லை. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமே என்று இருந்தது. எட்டு வருஷமாகப் பெரியவரைத் திட்டியிருக்கிறாள். கிழம், சோம்பேறி, அசையாத மலை என்றெல்லாம் சொல்லாத வசவில்லை. அவரோ வாயைத் திறக்காமல் அவள் ஏற்றிய சுமையைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். இப்போது அந்தச் சுமை அவளுடைய நிக்காஹின் மேலேயே இறங்கியிருக்கிறது.

"இன்னிக்குப் பாதி போட்டதை மட்டும் எடுத்துட்டாப் போதும். உன் பத்திரிகை சேவ் ஆயிடும்" என்று ஸ்ரீஹரி கையை வைத்தான்.

"தொடாத!" என்றார் தங்கபுஷ்பம். "இன்னைக்குப் பூஜைல வச்சத இன்னைக்கே எடுக்கப்படாது. நாளைக்கு விஜயதசமியன்னைக்குத்தான் எடுக்கணும்."

ரூஹி கடிகாரத்தைப் பார்த்தாள். நாலரை தாண்டியிருந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அக்கா பிடித்தால் பிடித்ததுதான், அதைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் உலகத்தில் இல்லை. கண்ணில் நீர் முட்டியது. அதைக் காட்டிக்கொள்ளாமல் திரையிலிருந்த தன் பத்திரிகையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தங்கபுஷ்பம் நெற்றியைச் சுருக்கினார். தாம் சொன்னதையே ஒரு தடவை மனசுக்குள் திருப்பிப் பார்க்கிறவர் மாதிரி இருந்தது.

"ஏட்டி ரூஹி. போன வருஷம் வச்சியே, அத மறுநாள் எடுத்தியா?"

"எடுக்கறதா? என்னத்தக்கா எடுக்கணும்?"

"பூஜைல வச்சத மறுநாள் காலைல எடுக்கணும்லா? எடுத்து ரெண்டு வரி படிக்கணும். அதுக்குப் பொறவு வேலைய ஆரம்பிக்கணும். நீ எடுக்கவே இல்லையா?"

"நீங்க வைக்கத்தானேக்கா சொன்னீங்க! எடுக்கணும்னு யாரும் சொல்லலையே! எனக்கு எப்படித் தெரியும்?"

தங்கபுஷ்பம் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கியது, மூச்சு வாங்கியது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "எட்டு வருசமா சரஸ்வதிய உக்கார வச்சே வச்சிருக்கோம்ட்டி! எந்திரிம்மான்னு ஒரு ஆளு சொல்லல! பெரியவரு எப்படி ஓடுவாரு?"

ரூஹியும் சிரித்துவிட்டாள். முட்டிய கண்ணீர் சிரிப்போடு கலந்து வழிந்தது. "அப்ப பழசையெல்லாம் எடுக்கலாமாக்கா?"

"எடுக்கலாமாவா? எடுத்தே ஆகணும். இத்தன நாளு எடுக்காததுதான் குத்தம்."

"ஒரிஜினல் கல்யாணமெல்லாம் வெளில பத்திரமா இருக்கு மேடம்" என்று ஸ்ரீஹரி உறுதி சொன்னான். "நான் எடுக்கறது காப்பியத்தான்."

"இரு. படிக்காம எடுக்கப்படாது. ஒண்ணாவது படி."

வாக்குவாதம் பண்ண நேரமில்லை. ரூஹி எல்லாவற்றுக்கும் உள்ளே, முதல் வருஷத்துப் பூஜைக்குள் கை வைத்து, கிடைத்த ஒரு பத்திரிகைப் படத்தைத் திறந்தாள். அடையாற்றில் நடந்த கல்யாணம். மணமகன் முத்துகிருஷ்ணன், மணமகள் லாவண்யா. அவள் இந்தக் கடையில் செய்த முதல் பத்திரிகை அது. ஓரம் முழுக்க மயில் மயிலாக அடைத்து வைத்திருந்தாள், ஆசைக்கு ஒரு அளவே இல்லாமல்.

"அய்யே, இவ்ளோ மயிலா!" என்றாள் ரூஹி.

"அந்த லாவண்யாவோட ரெண்டாவது பிள்ளைக்குப் போன மாசம்தான் காது குத்துப் பத்திரிகை போட்டோம். மயிலு நல்லாத்தான் வேல பாத்திருக்கு" என்றார் தங்கபுஷ்பம். "ம், இப்ப எடு."

ரூஹி போன வருஷத்துப் பூஜையை அழிக்கக் கொடுத்தாள். ஸ்ரீஹரி அவசரமாகக் கையை நீட்டி ஷிஃப்ட் பட்டனைச் சேர்த்து அமுக்கினான். "சும்மா அழிச்சா குப்பைத் தொட்டியில போய் உக்காந்துண்டு அங்கயும் அதே இடத்தை அடைக்கும். இப்படி அமுக்கினாத்தான் ஒழியும்."

பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கோயில் தேர் நகர்வதைக்கூட யாரும் இவ்வளவு பக்தியோடு பார்த்திருக்க மாட்டார்கள். கோடு பாதியைத் தாண்டியபோது ரூஹி தன் பத்திரிகைக்குப் போய் மறுபடி சேமிக்கிற பட்டனை அமுக்கினாள்.

பெரியவர் ஒரு மறுப்பும் சொல்லவில்லை. சேமித்துக் கொடுத்துவிட்டார்.

"ஆயிடுச்சு! அக்கா, ஆயிடுச்சு!" ரூஹி தங்கபுஷ்பத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். பென்டிரைவில் ஏற்றி, ஸ்ரீஹரியின் கையில் வைத்து அவன் விரல்களை மூடினாள். "ராயப்பேட்டை உனக்குப் போற வழிதானே? பறந்து போ, ப்ளீஸ்."

"சுண்டல்?"

"பொட்டலமே கட்டித் தாரேன், ஓடு!" என்றார் தங்கபுஷ்பம்.

ஸ்கூட்டர் போன பிறகு ரூஹிக்கு உட்கார முடியவில்லை. வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்தாள். ஐந்து மணி அடித்தது. போன் வரவில்லை. ஐந்தே கால் ஆனது. கடைசியில் ஜவஹரின் குரல், பின்னால் மணிச்சத்தம், அதற்கும் பின்னால் தடதடவென்று ஒரு சத்தம்.

"எல்லா மிஷினுக்கும் பொட்டு வெச்சாச்சும்மா. உன்னுது ஓடற மிஷின மட்டும் விட்டு வெச்சிக்கீறேன். ஓடிக்கினு கீது, கேக்குதா? இது முடிஞ்சதும் அதுக்குப் பொட்டு. பத்திரிக சூப்பரா கீது. யார் டிசைன்?"

"நான்தாண்ணே" என்றாள் ரூஹி. போனை அக்காவின் காதில் வைத்து அந்தத் தடதடப்பைக் கேட்கச் சொன்னாள். அவ்வளவு சந்தோஷம்.

சாயங்காலம் மை காய்ந்தும் காயாமலும் கட்டு வந்து சேர்ந்தது. மாமிக்கான பங்கை எடுத்து வைத்துவிட்டு ரூஹி கிளம்பும்போது தங்கபுஷ்பம் தடுத்தார். "உன்னோடதையும் பூஜைல வச்சிட்டுப் போட்டி. ஒண்ணே ஒண்ணு. எல்லாத்தையும் வச்சிராத தாயே!"

மறுநாள் விஜயதசமி. மாமி ரயில் ஏறிவிட்டதாகவும், பக்கத்து சீட்டுப் பெண்மணிகளுக்கெல்லாம் பத்திரிகையைக் காட்டிக்கொண்டு போவதாகவும் ஜைதிடமிருந்து தகவல் வந்திருந்தது. ரூஹி பெரியவரின் பட்டனை அமுக்கிவிட்டு, வழக்கம்போலத் துடைப்பத்தை எடுக்கத் திரும்பினாள். எடுப்பதற்குள் அவர் கண் திறந்து, தயாராக உட்கார்ந்திருந்தார், ஓரத்தில் நேற்றைய சந்தனப் பொட்டோடு.

"பாத்தியா, எந்திரிம்மான்னு சொன்னதும் எந்திரிச்சிட்டாரு" என்றார் தங்கபுஷ்பம். கற்பூரத்தைக் காட்டிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். "ம். எடு. எடுத்துப் படி. சத்தமா."

ரூஹி இந்த வருஷத்துப் பூஜையைத் திறந்து தன் பத்திரிகையை வெளியே எடுத்தாள். எடுத்து, படிக்க ஆரம்பித்தாள். எத்தனையோ பத்திரிகைகளை அவள் படித்திருக்கிறாள். எல்லாமே பிழை பார்க்கிற படிப்பு. கொம்பு விட்டுப்போனதா, தேதியும் கிழமையும் ஒத்துப்போகிறதா, தாய்மாமன் பெயர் வந்ததா என்றுதான் கண் ஓடும். என்ன எழுதியிருக்கிறது என்று அவள் கவனித்ததே இல்லை.

"ராயப்பேட்டை ஹபீபுர் ரஹ்மான், அஃப்சருன்னிசா தம்பதியரின் அன்பு மகள்…" என்று வாப்பாவின் பெயரையும் உம்மாவின் பெயரையும் தன் வாயால் சொன்னபோது குரல் தாழ்ந்தது. அடுத்தது அவளுடைய பெயர். நேற்று அந்தப் பெயரின் பக்கத்தில்தான் பூவைப் பெரிதாக்கினாள், சின்னதாக்கினாள், மை எவ்வளவு கறுப்பாக இருக்கலாம் என்று யோசித்தாள். இப்போது அதே பெயர் அவளைப் பார்த்து, உனக்குத்தான், உனக்குத்தான் இந்தக் கல்யாணம் என்றது. அவள் நிறுத்திவிட்டாள்.

தங்கபுஷ்பம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பதறிப்போய் எட்டிப் பார்த்தார்.

"என்னட்டி? பிழை ஏதும் விட்டுட்டியா?"

ரூஹி துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

"இல்லக்கா. எல்லாம் சரியா இருக்கு."